பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பாவின் தையலுக்கு என்ன போடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 61 வயது, நெடுநாள் சர்க்கரைக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சுத் தையலில் கட்டு எதுவும் இல்லை, திறந்தே இருக்கிறது. பெரியப்பா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போடச் சொல்கிறார். மருந்துக் கடைக்காரர் ஏதோ ஒரு பவுடர் கொடுத்திருக்கிறார். காலில் தையல் போட்ட இடத்தில் தண்ணீர் மாதிரி கசிகிறது. போதாக்குறைக்கு, புரண்டு படுக்கும்போது நெஞ்சுக்குள் 'டிக்' என்று தட்டுவதாக அப்பா இரண்டு நாளாகச் சொல்கிறார். தழும்பு, கடைக்குப் போவது, நெஞ்சுக்குள் வைத்த கம்பி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவையும் எழுதிவிட்டுத் தையலுக்கு என்ன போடலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சின்னது: ஒன்றும் போடாதீர்கள். ஆனால் இதில் எது எல்லோருக்கும் வருவது, எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இதய ஆபரேஷன் வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் குடும்பத்தாருக்குக் காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். டாக்டர் இல்லை. நீங்கள் படம் எடுத்துப் போட்டாலும் படத்தை வைத்துச் சீழ் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மாட்டேன். அதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதும் நான் சொல்வதும் எங்காவது முரண்பட்டால் சம்மரியில் இருப்பதையே செய்யுங்கள். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்தது, செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அன்றிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் எவ்வளவோ மாறிவிட்டது. வீட்டில் கழிக்கும் முதல் ஆறு வாரம் மட்டும் இன்னமும் குடும்பத்தார் தலையில்தான், அதுவும் ஒரு பக்கத் தாள் அறிவுரையோடு.

முதலில் அந்த 'டிக்'. மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. பைபாஸுக்கு நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் எவர்சில்வர் கம்பிகளால் இரண்டு பாதியையும் இழுத்து முறுக்கிக் கட்டுகிறார்கள். எலும்பு ஓரளவு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், நல்ல பலம் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை கட்டிப் பிடித்திருப்பது கம்பிதான். முதல் சில வாரங்களில் திரும்பும்போது எப்போதாவது லேசாக ஒரு சத்தம் சிலருக்கு வரும், தானாகவே நின்றும் விடும். ஆனால் இருமும்போதெல்லாம் எலும்பு உரசுகிறது, நகர்கிறது என்றால் கம்பி தளர்ந்திருக்கலாம், உள்ளே கிருமி சேர்ந்திருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளங்கையை அப்பாவின் நெஞ்சு நடுவில் அழுத்தாமல் மெல்ல வையுங்கள். அவரை லேசாக இருமச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கினால் நல்லது. கைக்கடியில் ஏதோ தனித்தனியாக அசைகிறது, நறநறக்கிறது என்று தோன்றினால் அன்றைக்கே சர்ஜனிடம் காட்ட வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும், சர்க்கரை இருக்கும் ஒருவர் இரண்டு நாளாகச் சொல்கிறார் என்பதால் நாளைக் காலை ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கசிவு. கசிவது ஒரே மாதிரி நீராக இருந்தாலும் காலில் வந்தால் ஓர் அர்த்தம், நெஞ்சில் வந்தால் வேறு அர்த்தம். காலில் இருந்து ரத்தக் குழாயை எடுத்துத்தான் இதயத்தில் வைத்துத் தைக்கிறார்கள். அதனால் அந்தக் கால் வீங்கும், கணுக்கால் பக்கம் கனமாக இருக்கும், வீக்கத்தின் நீர் தையல் வழியாக இளமஞ்சளாகவோ லேசான ரோஸ் நிறத்திலோ கசியும். இது நிறையப் பேருக்கு வருவது. உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஸ்டூலில் தலையணை போட்டுத் தூக்கி வைத்தால், கால்மேல் கால் போடாமல் இருந்தால், கொஞ்சம் நடந்தால் சில நாளில் குறையும். கசியும் இடத்தில் சுத்தமான காஸ் துணி மட்டும் வைத்து, நனைந்தால் மாற்றினால் போதும். டாக்டர் காலுறை கொடுத்திருந்தால் பகலில் போடட்டும். நீர் கெட்டியாகி, மங்கலாகி, நாற்றம் வந்தால், கால் சிவந்து சூடானால் காட்டுங்கள். கெண்டைக்கால் திடீரென்று இறுகி வலித்தாலும் காட்ட வேண்டும்; ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நெஞ்சுத் தையலில் அதே இளமஞ்சள் நீர் புதிதாகக் கசியத் தொடங்கினால் நிறம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். அடியில் எலும்பு விலகத் தொடங்கும்போது அப்படித்தான் முதலில் தெரியும். நெஞ்சில் கசிவும் 'டிக்'கும் சேர்ந்து வந்தால் அன்று ராத்திரியே போங்கள்.

இனி மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர். மஞ்சளுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டே என்று பெரியப்பா கேட்பார். இருக்கட்டும். அவர் குழைக்கும் கிண்ணமும் கையும் அந்தப் பொடியும் கிருமி நீக்கப்பட்டவை இல்லையே. பத்துப் போட்ட இடம் ஈரமாகவே இருக்கும், அதன் அடியில் தோல் சிவந்திருந்தாலும் மஞ்சளில் தெரியாது. பவுடரும் அப்படித்தான், கட்டியாகிப் பொருக்கோடு ஒட்டிக்கொள்ளும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் ஆறுகிற புதுத் தோலையும் சேர்த்தே அரிக்கும். பீட்டாடைன் கெட்டதில்லை, ஆனால் மூடி ஒட்டிய தையலுக்குத் தினமும் அது தேவையில்லை. சம்மரியில் எழுதியிருந்தால் மட்டும் எழுதியபடி போடுங்கள். விபூதி, சந்தனம் நெற்றியோடு நிற்கட்டும். கட்டு இல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பதற்காகக் கலங்க வேண்டாம். தையலின் இரு ஓரமும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே மேலாக ஒட்டிக்கொண்டுவிடும், காய்ந்த தையலுக்குக் காற்றுப் படுவது நல்லது. நெஞ்சுக்குக் கீழே, ரத்தமும் நீரும் வடிய வைத்திருந்த டியூபை எடுத்த இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும், எல்லோரும் மறக்கும் இடம் அது. அங்கே தையல் விட்டிருந்தால் எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சொல்வது மாறும். கசிவு இல்லாத தையலில் தண்ணீர் பட்டு ஓடுவதால் கெடுதல் இல்லை என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம். தண்ணீரில் ஊறுவதுதான் கூடாது: தொட்டி, கிணறு, ஆறு, குளம் எதுவும் வேண்டாம். பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் தோளிலிருந்து ஊற்றுங்கள், நேராக நெஞ்சில் அடிக்க வேண்டாம். வாசனை அதிகமில்லாத சோப்பைக் கையில் நுரைத்து அந்த நுரையைத் தையல்மேல் வழிய விட்டுக் கழுவினால் போதும், பீர்க்கங்காய் நார் எல்லாம் வேண்டாம். துவைத்து வெயிலில் காய்ந்த தனித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்க் குளியல் காயம் முழுதாக ஆறும் வரை கிடையாது. ரொம்பச் சூடான தண்ணீரும் வேண்டாம். அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து தலை சுற்ற வைக்கும். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைத்து, யாராவது கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.

குளித்துத் துடைத்ததும் சட்டை போடுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, தினமும் தையலைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, ஒரே தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். சிவப்பு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சிவப்பு முடியும் எல்லையைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள்; மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் காட்ட வேண்டியதுதான். நம் நிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, பளபளப்பாக, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சுரத்தை நெற்றியில் கை வைத்துப் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் போன் செய்யுங்கள். தையல் வாய் திறப்பது, சீழ், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது இதெல்லாமும் அதே கணக்கு. நெஞ்சில் ஆழமாகக் கிருமி பிடிப்பது நூற்றில் ஓரிருவருக்கு வருவது, ஆனால் வந்தால் மறுபடி தியேட்டர்தான். பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே, அதாவது வீட்டுக்கு வந்த பிறகே தலைகாட்டும். அதனால்தான் இந்தக் கெடுபிடி.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தையலின் மேல் முனையில் ஒரு சின்ன முடிச்சு மாதிரி புடைத்திருக்கும், சில மாதங்களில் அமுங்கிவிடும். இடது மார்பு மரத்துப்போயிருக்கும், தொட்டால் எரியும். அந்தப் பக்க நெஞ்சுச் சுவரிலிருந்தும் ஒரு ரத்தக் குழாயை எடுத்திருப்பார்கள் என்பதால். கணுக்காலின் உள்பக்கம் மரப்பதும் அதே மாதிரிக் காரணம்தான், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே நின்றுவிடும். அரிப்பு ஆறுவதன் அடையாளம், ஆனால் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. தோள்பட்டையிலும் முதுகிலும் வலி, வாய்க் கசப்பு, மலச்சிக்கல் எல்லாம் வரும், போகும்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகவே சொல்கிறேன். தையலுக்கு என்ன போடுகிறீர்கள் என்பதைவிட ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அந்தக் காயத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குச் சர்க்கரை ஏறும். வழக்கமாக மாத்திரையில் இருந்தவருக்கு இன்சுலின் போட்டு அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊசி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள், அது வேண்டாம். குளுக்கோமீட்டரில் தினமும் பார்த்து எழுதி வையுங்கள். 180-ஐத் தாண்டியே நின்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள், 70-க்குக் கீழே போனாலும் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டு வரும் பழச்சாறும் சத்து மாவும் குழந்தைகளுக்குப் போகட்டும். அதே சமயம் பத்தியம் என்ற பெயரில் அவரை ரசம் சாதத்தில் வைக்காதீர்கள். மீன், முட்டை, கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காயம் ஆற புரதம் வேண்டும். முட்டை வெள்ளை, மீன் குழம்பு, பருப்பு, சுண்டல், மோர் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான் அதிகம் பயப்படுவது அன்பான கைகளுக்குத்தான். அப்பா எழுந்திருக்கத் தடுமாறினால் மகன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்குவான். அந்த இழுப்பு நேராக நெஞ்செலும்பில் போய் நிற்கும். கையைப் பிடிக்காதீர்கள், தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது முழங்காலை மடித்து, உடம்பு மொத்தமாக ஒரு பக்கம் உருண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, அந்தக் கனத்திலேயே எழ வேண்டும். நாற்காலியில் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து, கால் பலத்தில் எழ வேண்டும். கைகள் நெஞ்சோடு ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். இருமல், தும்மல் வரும்போதும் அந்தத் தலையணைதான் துணை. தரையில் பாய் போட்டுப் படுப்பதும், குந்தி உட்காரும் கழிப்பறையும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் மேலே வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி கடையில் கிடைக்கும்.

எவ்வளவு எடை தூக்கலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு கிலோ என்பார்கள், நான்கு ஐந்து என்பார்கள். இந்த எண்களுக்குப் பின்னால் வலுவான ஆராய்ச்சி இல்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் கைகளை ஓரளவு தாராளமாகவே பயன்படுத்தலாம் என்று இப்போது பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கும் அது சரியாகப் படுகிறது. அதற்காகத் தண்ணீர்க் குடத்தையும் பேரனையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கலாம் என்று அர்த்தமில்லை. பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இறுகிய டப்பா மூடியைத் திருகுவது எல்லாம் அதே ரகம். ஒருக்களித்துப் படுப்பதும் கருத்து வேறுபாடு உள்ள விஷயம். நான் முதல் நான்கு வாரம் மல்லாந்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொல்வேன், சிலர் வலி இல்லையென்றால் முன்னாலேயே விடுவார்கள். நெஞ்சு பெல்ட் விற்கிறார்கள். உடம்பு கனமானவர்களுக்கும் இருமல்காரர்களுக்கும் அது சௌகரியம்தான், எல்லோருக்கும் அவசியம் என்று சொல்ல மாட்டேன். போட்டால் மூச்சு முழுதாக இழுக்க முடிகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி ஒன்று கொடுத்திருப்பார்களே, அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. நடை வீட்டுக்குள் ஐந்து ஐந்து நிமிடமாகத் தொடங்கி, ஆறு வாரத்தில் வெயில் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் வரை வரட்டும். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு திணறினால் அதிகம். மாடிப்படி ஏறலாம், கைப்பிடியை இழுத்து ஏறாமல்.

வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தயங்காமல் கொடுங்கள். வலிக்கிறது என்று மூச்சை மேலோட்டமாக விட்டால் சளி சேரும். ஆனால் மருந்துக் கடையில் நீங்களாக டைக்ளோபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அமெரிக்காவில் அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி மருந்தோடு அச்சிடுகிறார்கள். ஆஸ்பிரினைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. சில அப்பாக்கள் திடீரென்று அழுவார்கள், எரிந்து விழுவார்கள், கெட்ட கனவு காண்பார்கள். முதல் சில வாரத்துக்கு அது சகஜம். தேறாமல் நீடித்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ ஓ.பி.யில் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் உண்டு.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், போன் செய்யுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, ஆபரேஷனுக்கு முன் இருந்த அதே நெஞ்சுவலி திரும்புவது, மயக்கம், நெஞ்சு தறிகெட்டுப் படபடப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ரத்தம் நிற்காமல் போவது என்றால் யாரிடமும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தழும்பைப் பற்றியும் கடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெஞ்சின் நடுப்பகுதியில் தழும்பு தடித்து வளர்வது நம் தோலுக்குக் கொஞ்சம் அதிகம். பொருக்கெல்லாம் உதிர்ந்து முழுதாக மூடிய பிறகு சிலிகான் ஷீட் சிலருக்குப் பலன் தருகிறது, வைட்டமின் ஈ எண்ணெய்க்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. கடைக்கு ஆறாவது வாரத்துக்கு மேல் டாக்டர் பார்த்துச் சரி என்றால் போய் கல்லாவில் உட்காரலாம். பைக்கும் அப்போதுதான், அதுவும் கேட்டுவிட்டு. ஷட்டரைத் தூக்குவதும் அரிசி மூட்டையை நகர்த்துவதும் மூன்று மாதம் வரை கடைப் பையன் வேலை. உள்ளே இருக்கும் கம்பியை எப்போது எடுப்பார்கள் என்றும் கேட்டீர்கள். தொந்தரவு எதுவும் தராதவரை எடுக்க மாட்டார்கள், ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் பைபாஸ் ஆனவர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொதுவாக அந்தக் கம்பி அதற்குத் தடையாக இருப்பதில்லை.